ஆபத்தான படிவு எது?

மாணவர்களே, இதயத்தசைக்குக் குருதியை வழங்குவது முடியுருநாடி என்பதை அறிவீர்கள். (நாடி, நாளம் என்பவற்றை மாற்றி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.) இந்நாடியின் சுவரில் கொலஸ்திரோல் படிகின்றது. நாடியை அதிகம் ஒடுக்கும் படிவே ஆபத்தானது என்றுதான் பலர் எழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. சிறிய படிவாயினும் அதன் மெல்லிய மூடி கிழிந்தால், அவ்விடத்தில் குருதி உறைந்து நாடி அடைபடும். மாரடைப்புப் பெரும்பாலும் இவ்வாறே ஏற்படுகின்றது. அதுவரை நோயாளிக்கு எந்த அறிகுறியும் இல்லாதிருக்கலாம்.

அப்படியாயின் கிழியக்கூடிய படிவை முன்கூட்டியே காண்பது எப்படி? கையில் அயடீன் சேர்ந்த திரவத்தை ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கான், நாடியின் ஒடுக்கத்தையும் கல்சியம் படிந்த இடங்களையும் காட்டும். பெற் ஸ்கானில் கதிர்த்தொழிற்பாடுள்ள புளோரீன்-18 கொண்ட சோடியம் புளோரைட்டு சிறிதளவு ஏற்றப்படும். அது, கல்சியம் புதிதாகப் படிந்துகொண்டிருக்கும் இடங்களில் சேர்வதால் அவை படத்தில் பிரகாசமாகத் தெரியும். இரண்டிலும் இதயம் வரை குழாய் செலுத்த வேண்டியதில்லை.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, அதற்குக் காரணமான படிவிலேயே இச்சேர்க்கை மிக அதிகமாக இருந்தது. எனினும் இதயத்துக்கான இப்பெற் முறை இன்னும் ஆய்வுகளிலேயே பெரிதும் பயன்படுகின்றது. வைத்தியசாலைகளில் வழமையாகச் செய்யப்படுவது சீ.ரி. ஸ்கானே.