ஏழில் பாதி எத்தனை?

ஏழு ரூபாயை இருவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? பள்ளிக்கூடத்துச் சிறுவனைக் கேளுங்கள், மூன்றரை என்பான். புதுவைப் பெரிய மார்க்கெட்டிலே மீன் விற்கும் அம்மையாரைக் கேளுங்கள், சில்லறையை எண்ணிக் கையிலே வைத்துவிட்டுத்தான் பேசுவார், மூன்றரை என்று! ஆனால், ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் கோடிகள் புரளும் வாணிப நிலையங்களிலும் ஆண்டுக்கணக்கில் ஊழியம் புரிந்த கணிப்பொறி மொழி ஒன்று, மூன்று என்றே விடையளித்து வந்தது. அரை ரூபாய் எங்கே? விழுங்கப்பட்டது! ஏன் என்று கேட்டால், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும், அது எமது மரபு என்று பதில். மரபு! இந்த ஒரு சொல்லின் நிழலிலே எத்தனை எத்தனை அநீதிகள் இளைப்பாறிச் செல்கின்றன, தோழர்களே!

பைத்தான் என்பது அந்த மொழியின் பெயர். மலைப்பாம்பை எண்ணி வைத்த பெயரல்ல. ஆங்கில நாட்டு நகைச்சுவைக் குழு ஒன்றின் நினைவாக வைத்த பெயர். டச்சு நாட்டவரான குயிடோ வான் ரோசம் 1991-ஆம் ஆண்டு அதை உலகுக்கு அளித்தார். எளிமையாலே வென்ற மொழி அது. 2008 டிசம்பர் 3-ஆம் நாள் அவரும் அவருடன் உழைத்தோரும் செய்த காரியம்தான் நம்மை வியக்க வைக்கிறது. மூன்றாம் பதிப்பை வெளியிட்டு, பழைய பதிப்பிலே எழுதியவை பல இதிலே அப்படியே ஓடமாட்டா, பழையதிலே குறைகள் இருந்தன, களைந்துவிட்டோம் என்றனர். அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடித்தே தீரவேண்டும் என்று வாதிடுவோர் நிறைந்த உலகிலே, கிணற்றை வெட்டிய அப்பனே வந்து, 'இந்தத் தண்ணீர் உப்பு. வேறு கிணறு வெட்டியிருக்கிறேன், வாருங்கள்' என்று அழைத்தது போன்ற நிகழ்ச்சி அது. புதிய பதிப்பிலே ஏழில் பாதி மூன்றரை.

நல்லதுதானே, கற்றுக்கொண்டால் போயிற்று என்பீர்கள். கற்றுக்கொள்ள வேண்டியவன் யார் என்பதிலேதான் இருக்கிறது சிக்கல்.

முத்தியால்பேட்டையிலே நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். நாற்பதைக் கடந்தவர். பதினைந்து ஆண்டுகளாகப் பழைய பைத்தானிலே நிரல் எழுதிக் குடும்பம் காப்பாற்றியவர். அவர் பணிபுரியும் நிறுவனம் திடீரென ஒருநாள் விழித்துக்கொண்டது. 'மூன்றே மாதம்! அதற்குள் புதிய பதிப்பைக் கற்றுக்கொள். அலுவலக நேரத்திலே அல்ல, உன் சொந்த நேரத்திலே. இயலாதென்றால் சொல், கல்லூரியை விட்டு நேற்று வெளியே வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், உன் சம்பளத்திலே பாதிக்கு!' என்றது. பழைய பைத்தானுக்கு 2020-லேயே ஆயுள் முடிந்துவிட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அதை வைத்தே காசு பார்த்துவிட்டு, காலம் கடந்த குற்றத்தை ஊழியன் தலையிலே சுமத்துகிறார்கள்.

இளைஞனுக்குப் புதிய பதிப்பு எளிது, ஏனெனில் அவன் மறக்க வேண்டியது ஏதுமில்லை. அனுபவம் உள்ளவரோ கற்கவும் வேண்டும், மறக்கவும் வேண்டும். மூளை ஒப்புக்கொண்ட பிறகும் விரல் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. திரையிலே எழுத்தைக் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று, பிரிண்ட் என்று பெயர். பழையதிலே அடைப்புக்குறி இல்லாமலே எழுதலாம். புதியதிலே அடைப்புக்குறி கட்டாயம். நண்பர் ஒருநாளைக்கு நாற்பது தடவை அதை மறக்கிறார், நாற்பது தடவையும் பொறி கூச்சலிட்டு நிறுத்துகிறது. அதிலே தீங்கு இல்லை. முரசறைந்து வரும் பகை அது, உடனே திருத்திவிடலாம். நாம் அஞ்சவேண்டியது முகமலர்ச்சியோடு உள்ளே நுழையும் பகைக்கு! வகுத்தல் குறி இருக்கிறதே, பழையதிலும் அதே சாய்கோடு, புதியதிலும் அதே சாய்கோடு. பொறி முணுமுணுப்பதுகூட இல்லை. விடை மட்டும் மாறிவிடுகிறது. பழைய வழக்கப்படி மூன்றுதான் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு இட வேண்டும்.

இங்கேதான் நண்பரின் மதிப்பு தெரிகிறது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித்தர ஒரு கருவியையும் பைத்தானோடு சேர்த்தே கொடுத்திருந்தார்கள். அடைப்புக்குறிகளையெல்லாம் அது நொடியிலே போட்டுவிடும். வகுத்தலைத் தொடாது! ஏன்? இந்த இடத்திலே எழுதியவன் மூன்றை விரும்பினானா, மூன்றரையை விரும்பினானா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏழு பேரை இரண்டு அறையிலே தங்கவைக்கும் கணக்கென்றால் அரை ஆள் கிடையாது. ஏழு ரூபாயைப் பங்கிடும் கணக்கென்றால் அரை ரூபாய் உண்டு. குறி ஒன்றுதான், பொருள் வேறு. இந்நாளிலே செயற்கை அறிவுப் பொறிகள் வந்து, நிரலைக் கொடுத்தால் மறுநொடியே பெயர்த்துத் தருகின்றன. தரட்டும். பெயர்த்தது சரியா என்று நெஞ்சிலே கை வைத்துச் சொல்ல, அந்தக் கணக்கு எதற்காக எழுதப்பட்டது என்று அறிந்த ஆள் ஒருவன் வேண்டாமா? அந்த ஆளைத்தான் பாதிச் சம்பளக்காரனைக் காட்டி மிரட்டுகிறார்கள், மதியூகிகள்!

புதிய பதிப்பிலே நம்மைப் பெரிதும் ஈர்ப்பது வகுத்தல் அல்ல, எழுத்து. தமிழ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை எழுத்து? மூன்று. பழைய பைத்தானிடம் இக்காலக் குறியேற்றத்திலே அச்சொல்லைத் தந்து நீளம் கேட்டால் பதினைந்து என்றது! அதற்குத் தெரிந்த எழுத்து ஆங்கில எழுத்து. ஆஸ்கி என்று ஒரு மன்றம், அதிலே 128 இருக்கைகள். ஆங்கில எழுத்துக்கு உண்டு, எண்ணுக்கு உண்டு, காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும்கூட உண்டு. தமிழுக்கு? ஓர் இருக்கையும் இல்லை! யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்து முறை 1991-லேயே தமிழுக்கு இடம் அளித்துவிட்டது. ஆனால் பழைய பைத்தானிலே அந்த எழுத்துகளைத் தனி வகையாக ஒதுக்கி, முன்னால் ஓர் அடையாளக் குறியும் ஒட்டித்தான் புழங்க வேண்டும். தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வைத்த கதைதான்! குவளை மாறிவிட்டால், இரண்டும் கலந்துவிட்டால், 128-க்குள் இது அடங்காது என்று சொல்லிப் பொறி நின்றுவிடும்.

மூன்றாம் பதிப்பு குவளையை ஒன்றாக்கிற்று. எழுத்தென்றால் எல்லா எழுத்தும் எழுத்தே. ஆங்கிலம், தமிழ், சீனம் எல்லாம் ஒரே பந்தியிலே. நிரலிலே வரும் பெயர்களைக்கூடத் தமிழிலேயே வைக்கலாம். வட்டி என்றும் தொகை என்றும் எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. இப்போது தமிழின் நீளம் ஐந்து என்கிறது. ழகரத்தின் தலைப் புள்ளியையும் மகரத்தின் கொக்கியையும் தனித்தனியே எண்ணுவதாலே வந்த ஐந்து அது. பதினைந்து ஐந்தாயிற்று, மூன்றாகவில்லை. அந்த மீதத் தொலைவைக் கடக்க நம்மவர்களே ஓப்பன்-தமிழ் என்னும் நிரல் தொகுப்பை எழுதினார்கள். தமிழிலேயே கட்டளையிடும் 'எழில்' என்ற கணிப்பொறி மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அதிலும் முன்னின்று உழைத்தவர். கேட்டால் அத்தொகுப்பு மூன்று என்று சொல்லும்.

எழுத்து மாறினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்ற கூக்குரல் நமக்குப் புதிதல்ல. பெரியார் 1935-இலே 'குடி அரசு' ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கியபோது கேட்ட ஏளனம் கொஞ்சமா? யானைத் துதிக்கை போல் வளைந்து நின்ற ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா வகையிலே ஒன்பதும், ஆகப் பதின்மூன்று எழுத்துகள். அவை அரசாணையாக 1978 ஆயிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அச்சுக்கூடத்திலே கண்ணை மூடிக்கொண்டு ஈய எழுத்தைப் பொறுக்கிய அச்சுக்கோப்போரை எண்ணிப் பாருங்கள். எந்தக் குழியிலே எந்த எழுத்து என்று விரலே அறிந்திருந்த மனிதர்கள். அவர்களும் கற்றார்கள். தமிழ் தாழ்ந்துவிடவில்லை.

பைத்தானோடு நண்பர் மீண்டும் பயில வேண்டியது இன்னொன்றும் உண்டு. வலைத்தளங்களை எழுப்புவோர் அடித்தளம், தூண், உத்தரம் எல்லாம் தாமே செய்வதில்லை. ஆயத்தமாக ஒரு சட்டகம் கிடைக்கிறது. அதன்மீது சுவர் எழுப்பினால் போதும். பிரேம்வொர்க் என்பார்கள். பைத்தானுக்கு அமைந்த அத்தகைய சட்டகம் ஜாங்கோ. இதைச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் பெருமிதம் உண்டு, ஏனெனில் அது பிறந்தது ஒரு செய்தி ஏட்டின் அலுவலகத்திலே! அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர் நாளேட்டிலே பணிபுரிந்தோர், இன்று மாலை செய்தி, இன்றிரவே பக்கம் வேண்டும் என்ற அவசரத்துக்காக ஆக்கிய சட்டகம், 2005-இலே ஊருக்கே பொதுவாயிற்று.

பெயர் வந்த வழி இன்னும் சுவையானது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்க் கலைஞரின் பெயர் அது. 1910-இலே பெல்ஜியத்திலே பிறந்து பிரான்சிலே வாழ்ந்த ரோமானி இனத்து நாடோடி. பதினெட்டு வயதிலேயே தேர்ந்த கைகாரர். 1928-இலே அவர் குடியிருந்த வண்டியிலே தீப்பிடித்தது. இடக்கையின் இரண்டு விரல்கள் கருகிச் செயலிழந்தன. எஞ்சிய விரல்களைக் கொண்டு தெரிந்த கருவியையே புதிதாகக் கற்றார், ஐரோப்பாவே வியந்து கேட்ட இசையைத் தந்தார். நண்பரிடம் இதைச் சொன்னோம். 'அவருக்கும் மூன்று மாதம்தான் தவணையா?' என்று கேட்டார்!

இந்தச் சட்டகமும் பழைய பைத்தானை 2017-இலே கைவிட்டது. இரண்டாம் பதிப்பு முதல் புதிய பைத்தானோடு மட்டுமே உறவு. அதிலே வந்த திருத்தங்களில் ஒன்றை மட்டும் சொல்வோம். ஒரு குடும்பத்தின் பதிவும், அதைச் சார்ந்த உறுப்பினர் பதிவுகளும் இருப்பதாகக் கொள்ளுங்கள். குடும்பப் பதிவை அழித்தால் உறுப்பினர் பதிவுகளின் கதி என்ன? நிரலிலே ஒன்றும் சொல்லாவிட்டால், பழைய ஜாங்கோ அவற்றையும் சேர்த்து வாய் பேசாமல் அழித்துவிடும். புதியதோ, அழிக்கவா, காக்கவா, முதலில் எழுதிக் கொடு என்று கேட்டு நிற்கிறது. கூடுதல் வேலைதான். ஆனாலும் கேட்காமல் அழிப்பதைவிடக் கேட்டுத் தொல்லை தருவது மேல் என்பது நமது கட்சி.

பதிப்பு மாறுவது எப்படி என்று புதுவைக்காரனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிலே 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. அன்றே எல்லாம் மாறிவிட்டதா? ஒப்பந்தம் 1956-இலே, பிரான்சு அதற்கு ஒப்புதல் தந்து நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16-இலே. மக்களின் பிரதிநிதிகள் மாற்றும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதினர். பிரெஞ்சிலே கோப்பு எழுதிப் பழகிய எழுத்தர்கள் வேலை செய்துகொண்டே வேறு மொழியிலே எழுதப் பழகினார்கள். இந்தியச் சட்டங்கள் 1963-லும் 1968-லும் படிப்படியாக வந்து சேர்ந்தன. இன்றும் காவலர் தலையிலே சிவப்புக் கெப்பித் தொப்பி. தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு, குடும்ப வழக்குகளிலே இன்றும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம்தான். பழையதும் புதியதும் அருகருகே ஓடின, ஓடிக்கொண்டும் இருக்கின்றன.

பைத்தானை ஆக்கியவர்களும் அப்படித்தான் நடந்தார்கள். பழைய பதிப்பை 2015-இலே கைவிடுவதாக இருந்தார்கள். மக்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று கண்டு 2020 வரை தவணையை நீட்டினார்கள். 2008 முதல் எண்ணினால் பதினோராண்டுக்கு மேல். இரண்டிலும் மூன்றிலும் ஒருங்கே ஓடும்படி எழுத உதவிய ஒரு தொகுப்புக்கு 'ஆறு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள், இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறாம்! ஊதியமின்றி உழைத்தோர் பலர் சேர்ந்து உலகுக்கே கொடுத்த அவகாசத்தை, ஊதியம் கொடுப்பவர் ஒற்றை ஊழியனுக்குக் கொடுக்க மறுப்பானேன்?

நமது ஆசிரியப் பெருமக்களையும் பாருங்கள். புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்த காலத்திலே, 2019-இலே பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி நூல் பைத்தானுக்கு மாறிற்று. அதுவரை அந்த வகுப்பிலே சி பிளஸ் பிளஸ் நடத்தி வந்தவர்கள், சில வாரங்கள் முன்னதாகத் தாம் படித்து, பின்னதாகப் பிள்ளைகளுக்கு நடத்தினார்கள். தமிழ் வழியிலும் நடத்தினார்கள். பாராட்டு விழா எடுத்தவர் எவருமில்லை.

முத்தியால்பேட்டை நண்பர் நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறார். நிரலிலே வகுத்தல் குறி வரும் வரிகளையெல்லாம் தனியே தொகுத்து, எது ஆளைப் பங்கிடும் கணக்கு, எது பணத்தைப் பங்கிடும் கணக்கு என்று தாம் அறிந்தவரை பக்கத்திலே குறித்து இணைத்திருக்கிறார். வாரத்திலே ஆறு மணி நேரம், அலுவலக நேரத்திலேயே, கற்பதற்கென்று ஒதுக்கித் தரக் கேட்டிருக்கிறார். மடல் போய் இருபது நாளாகிறது. பதில் வரவில்லை.