வோல்டேஜ் ஏறி இறங்கினால் வீட்டு ஸ்பீக்கருக்கு என்ன ஆகும்?

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு இஷா முடிந்து திரும்பியபோது, தெருவில் சில வீடுகளின் விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. சில வீடுகளில் மங்கிக் கிடந்தன. சற்று நேரத்தில் கருகல் வாடை. மறுநாள் பெரியம்மா ஒருவர் தம் ஸ்பீக்கர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார்கள். பார்வை மங்கிய அவர்களுக்குக் கிராஅத்தும் பயானும் கேட்க அதுதான் துணை. பழுது பார்க்க முடியவில்லை. நம்மால் ஆன உதவியைச் செய்தோம். ஆனால் இது தடுத்திருக்கக்கூடிய நஷ்டம்.

அன்று அறுந்தது நியூட்ரல் கம்பி. நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மூன்று பேஸ்களில் எந்த இரண்டுக்கு இடையிலும் சுமார் 400 வோல்ட் இருக்கும். நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் அந்த 400-ஐத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இராது: அதிகச் சாமான்கள் ஓடும் பேஸ் மங்கும், குறைவாக ஓடும் பேஸ் 300-ஐயும் தாண்டலாம். ஆகவே விளக்கு திடீரென்று பிரகாசித்தால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அன்றாடப் பிரச்சினை வேறு. மஃரிபுக்குப் பிறகு மோட்டாரும் கிரைண்டரும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடுவதால் லைனின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் இறங்கும்; நள்ளிரவில் ஏறும். பழைய ஆம்ப்ளிபயரில் உள்ளே கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். வெளியே ஏறினால் உள்ளேயும் அதே விகிதத்தில் ஏறும். கெபாசிட்டர் உப்பி வெடிக்கும். வோல்டேஜ் இறங்கினால் சத்தம் கரகரக்கும். அப்போது வால்யூமைக் கூட்டுவதுதான் நாம் செய்யும் தவறு. அந்தக் கரகரப்பிலேயே சின்ன ஸ்பீக்கர் போய்விடும். இத்தகைய செட்டுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். வோல்டேஜ் மிஞ்சினால் தானே துண்டிக்கும் வசதி அதில் உண்டா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

புதிய புளூடூத் பெட்டி, சவுண்ட்பார் பலவற்றின் அடாப்டரில் ‘100-240’ என்று அச்சிட்டிருக்கும். அவை குறைந்த வோல்டேஜைத் தாமே சமாளிக்கும். கடைக்காரர் வற்புறுத்தினாலும் அதற்காக ஸ்டெபிலைசருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அவற்றுக்குப் பகை உயர் வோல்டேஜ் மட்டுமே. மெயின் போர்டில் உயர் வோல்டேஜில் துண்டிக்கும் கருவி ஒன்றை வயர்மேனிடம் சொல்லிப் பொருத்தினால் ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காவல். சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் பாக்ஸ் நொடிப்பொழுது வரும் அதிர்வைத்தான் தாங்கும். நிமிடக்கணக்கில் 300 வோல்ட் வந்தால் அதுவே கருகிவிடும்.

இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிபயர் ‘ஊம்’ என்று இரைந்தால் பெரும்பாலும் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் அலையில் அந்த இரைச்சல் இராது.

கரண்ட் போனதும் செட்டை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஆனால் இடி தொடங்குமுன். இடி முழங்கும்போது பிளக்கைத் தொடாதீர்கள். எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் திணிப்பதையும் பல வீடுகளில் பார்க்கிறோம். அது பொருளுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

ஸ்டெபிலைசர் வாங்குமுன் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். மல்டிமீட்டர் தெரிந்த தம்பி ஒருவரை அனுப்புகிறோம். மாலை ஏழு மணிக்கு ஒரு முறையும் இரவு பதினொன்றுக்கு ஒரு முறையும் அளந்து சொல்வார்.