மீட்டரைத் தாண்டிய தண்ணீர்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு, கெக் லோக் சி கோயிலையும் தாண்டி மேலே போனால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 235 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருக்கிறது. 1962இல் கட்டி முடித்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து தன் எடையாலேயே இறங்கி வரும் தண்ணீரை, ஊருக்குள் வந்ததும் நாம் பம்பு வைத்து மறுபடியும் மேலே ஏற்றுகிறோம்.

காரணம் எளிய இயற்பியல்தான். தண்ணீர் 10 மீட்டர் ஏற ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் வேண்டும். 1969இல் ஆயர் ஈத்தாமில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளைப் போல 17, 18 மாடி என்றால் உச்சியைத் தொடவே 5 பார் தேவைப்படும். சுத்திகரிப்பு நிலையத்திலும் சேமிப்புத் தொட்டியிலும் நின்று நின்று வருவதால், மலை தந்த அழுத்தம் முழுவதும் தெருக் குழாய்க்கு வந்து சேர்வதில்லை. வந்தாலும் பழைய இணைப்புகள் தாங்காது. ஆகவே உயர்ந்த கட்டடங்களில் கீழே ஒரு தொட்டி, அதற்குப் பம்பு, மொட்டைமாடியில் இன்னொரு தொட்டி என்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வீடு வீடாகத் தண்ணீர் இறங்குகிறது.

இப்படிப் பார்த்தால், பண்டார் பாரு ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் ஒரு சின்னத் தனியார் குடிநீர் வாரியம். பினாங்கு நீர் விநியோக நிறுவனமான பி.பி.ஏ.வின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள தொட்டி, பம்பு, பொதுக் குழாய் எல்லாம் 2013ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டப்படி குடியிருப்பாளர்களின் கூட்டு நிர்வாகக் குழுவான ஜே.எம்.பி. பராமரிக்க வேண்டியவை. அந்தக் குழுவில் இருப்பவர் ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருக்கலாம். தம்மிடம் ஒரு குடிநீர் அமைப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா?

அவர் கைக்கு வந்திருப்பது சாதாரணப் பொருள் அல்ல. கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அதில் ஒரு பகுதி பிரிந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட ஹைப்போகுளோரைட்டாக மாறுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதே. எனவே ஹைப்போகுளோரைட்டை அது தள்ளிவிடுகிறது. மின்னூட்டமே இல்லாத அமில மூலக்கூறோ சுவரைக் கடந்து உள்ளே போய், கிருமி உயிர்வாழத் தேவையான நொதிகளைச் சிதைத்துவிடுகிறது. பி.எச். அளவு 7.5க்குப் பக்கத்தில் இருக்கும்போது இரண்டும் பாதிப் பாதி. அதற்கு மேலே போகப் போக, அதே அளவு குளோரின் இருந்தும் அதன் வீரியம் குறைந்துகொண்டே வரும்.

கிருமிகளைக் கொன்ற பிறகும் கொஞ்சம் குளோரின் மிஞ்ச வேண்டும். வழியில் புதிதாக ஏதாவது நுழைந்தால் அதைச் சமாளிக்கத்தான் இந்த மிச்சம். மலேசியச் சுகாதார அமைச்சின் தரநிலை, குழாய்நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 1,000 லிட்டர் தொட்டி முழுவதற்கும் 200 மில்லிகிராம். ஒரு பாரசிட்டமால் மாத்திரையில் உள்ள மருந்தில் பாதிகூட இல்லை. ஒரு குடும்பத்தின் வயிற்றைக் காக்க இவ்வளவு போதும் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த மிச்சம் நிலைத்து நிற்பதில்லை. மொட்டைமாடி வெயிலில் தண்ணீர் சூடேறினால் சீக்கிரம் தீர்கிறது. தொட்டியடி வண்டலும், சுவரில் வழுவழுப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலமும் அதைத் தின்கின்றன. தண்ணீர் உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் எதிர்மூலைத் தண்ணீர் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தின் பெரிய வால்வுகளை மாற்றியபோது பினாங்கே நான்கு நாள் தண்ணீர்த் தடையைப் பார்த்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு யாருக்கும் பெரிய தொட்டிமேல் ஆசை வரும். ஆனால் தொட்டி பெரிதானால் தண்ணீர் தங்கும் நாளும் கூடும், குளோரின் குறையும். பற்றாக்குறைக்கு அது காப்பு, தரத்துக்கு அல்ல. வீட்டில் கரி வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கரி குளோரினை நீக்கிவிடுகிறது. வடிகட்டிய நீரை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

அளப்பது கடினமே இல்லை. 10 மில்லிலிட்டர் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, டி.பி.டி. மாத்திரை ஒன்றை நசுக்கிப் போட்டுக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். இருக்கும் அளவுக்கு ஏற்ப நிறம் அடர்த்தியாகும். அதை நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். நிறமே வராவிட்டால் தண்ணீரில் காவல் இல்லை.

அந்த எண்ணைப் பொய்யாக எழுதினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் வாக்கர்டன் பார்த்தது. ஏறக்குறைய 5,000 பேர் வசித்த சிற்றூர். 2000 மே மாதக் கனமழை, பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை பாக்டீரியாவை ஆழமில்லாத கிணற்றுக்குக் கொண்டுவந்தது. நீர் அமைப்பை நடத்தியவர்கள் குளோரினைப் போதிய அளவு சேர்க்கவில்லை. அளக்காமலேயே 0.5, 0.75 என்று பதிவேட்டில் எழுதிவந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். விதிகள் இருந்தன, பதிவேடும் நிறைந்திருந்தது. தண்ணீரைத்தான் யாரும் அளந்து பார்க்கவில்லை.

தண்ணீர் பிறக்கும் இடத்தைக் காப்பதில் பினாங்குக்குப் பழுத்த அனுபவம் உண்டு. அருவியோரத்தில் இருந்த தண்ணீர்மலை முருகன் கோயிலே நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறியது. சுகாதார அமைச்சு 1983 முதல் நாடெங்கும் குடிநீர் மாதிரிகளைச் சோதித்துவருகிறது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் தனியார் நீர் அமைப்புகளையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. இத்தனை காவலையும் கடந்து வரும் தண்ணீர், கடைசி 50 மீட்டரில் ஆளில்லாத தொட்டியில் போய் நிற்கிறது என்பதுதான் என் கவலை.

உங்கள் கட்டடத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள். தொட்டியை எப்போது வடித்துக் கழுவினார்கள்? மூடி இறுக்கமாக இருக்கிறதா? உபரிநீர்க் குழாயின் வாயில் கொசு நுழையாமல் வலை இருக்கிறதா? இங்கே ஏடிஸ் கொசுவுக்கு அந்த வழி போதும். பிறகு குளோரின் அளவைக் கேளுங்கள். தொட்டிப் பக்கத்தில் எடுத்த அளவு போதாது. மொட்டைமாடித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வீடு எதுவோ, பெரும்பாலும் அது கீழ்மாடி வீடாகத்தான் இருக்கும், அந்த வீட்டின் சமையலறைக் குழாயில் எடுத்த அளவு வேண்டும்.