பொருளாதாரம்: முதன்மைப் பாடமா, துணைப்பாடமா? ஆறாம் படிவத்திலேயே யோசிக்க வேண்டும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, பிள்ளை மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்பதுதான். படிப்பது என்று முடிவானால், மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பணி ஆகியவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். பொருளாதாரம் என்றால் மட்டும், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். சிலர் அதுவும் கணக்கியலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கின்றனர்.

இரண்டும் வேறு. கணக்கியல், ஒரு நிறுவனத்தின் வரவு செலவைப் பதிவு செய்து சரிபார்க்கும் தொழில். விலைவாசி ஏன் ஏறுகிறது, சம்பளம் ஏன் ஏறவில்லை, ஒரு தொழில் நலிந்தால் அதை நம்பியிருந்த மக்கள் எங்கே போவார்கள் என்பன போன்ற கேள்விகளுக்குக் கணக்கோடு விடை தேடுவது பொருளாதாரம்.

பேரா மக்கள் பட்டறிந்த பாடம்

இந்தக் கேள்விகள் பேரா மாநிலத் தமிழர்களுக்குப் புதியவை அல்ல. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் ரப்பர்த் தோட்டங்களே ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் வாழ்வாதாரமாயின. ரப்பர் விலை ஏறுகிறது என்பதற்காக உடனே மரம் நட்டுப் பால் எடுக்க முடியாது. கன்று பால் வெட்டும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் விலை விழுந்துவிடலாம். தேவை மாறும் வேகத்திற்கு உற்பத்தியால் ஈடுகொடுக்க முடியாதபோது விலை தாறுமாறாக ஏறி இறங்கும் என்று பொருளாதார வகுப்பில் முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தருவார்கள். தோட்டத்து மக்கள் அதைச் சம்பளச் சீட்டில் பார்த்தவர்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழிலும் இப்படித்தான் சரிந்தது. ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபரில் பணமின்றி முடங்கியதும் விலை வீழ்ந்தது. ஈப்போ, கம்பார் வட்டாரச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன.

சுதந்திரத்திற்குப் பிறகு வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்தனர். அந்தச் சூழலில்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளி பங்கை வாங்கலாம் என்ற ஏற்பாட்டில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பு தோட்டங்களை வாங்கும் மூலதனமாக மாறியது. பொருளாதாரம் பணக்காரர்களுக்கான பாடம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம்.

மேஜர், மைனர் என்ன வேறுபாடு?

பொருளாதாரத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுப்பவருக்குப் பட்டமே அந்தத் துறையில்தான் கிடைக்கும். நுண்பொருளாதாரம், பேரினப் பொருளாதாரம், புள்ளியியல், பொருளாதாரக் கணிதம் ஆகியவற்றை முதலில் படித்து, பிறகு எக்கோனோமெட்ரிக்ஸ் எனப்படும் பொருளாதார அளவியலுக்குச் செல்ல வேண்டும். தரவுகளைக் கொண்டு ஒரு கூற்று சரியா தவறா என்று சோதிக்கும் பாடம் இது. மாணவர்கள் பலர் தடுமாறும் இடமும் இதுதான்.

மைனர், அதாவது துணைப்பாடம் என்றால், வேறொரு துறையில் பட்டம் படித்துக்கொண்டே பொருளாதாரத்தில் பொதுவாக ஐந்தாறு பாடங்களை மட்டும் எடுப்பது. தமிழ், வரலாறு, ஊடகம், வேளாண்மை, கணினி போன்றவற்றைப் படிப்பவர்களுக்கு இது கூடுதல் பலம். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் எல்லாத் துறைகளுக்கும் துணைப்பாட வாய்ப்பு இல்லை. சேருவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணிதமே நுழைவாயில்

பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுக்க நினைப்பவர்கள் கணிதத்தைக் கைவிடக் கூடாது. எஸ்.பி.எம். கணிதத்தில் கிரெடிட் பொதுவாகக் கேட்கப்படும். ஆறாம் படிவத்தில் எடுக்கும் பாடங்களும் முக்கியம். எஸ்.டி.பி.எம். தேர்வில் புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் கணிதத்தைத் தவிர்க்கின்றனர். அப்படிச் செய்தவர்கள் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் தடுமாறும் வாய்ப்பு அதிகம்.

தமிழா, கணிதமா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெங்காஜியான் அம் கட்டாயப் பாடம். அதனுடன் தமிழ்மொழி, பொருளாதாரம், கணிதம் எம் ஆகிய மூன்றையும் எடுக்கலாம். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் வெளி வகுப்புக்கு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மெட்ரிகுலேசன் செல்பவர்களுக்குக் கணக்கியல் பிரிவு பொருத்தமானது. அதில் கணிதம், பொருளாதாரம், கணக்கியல், வணிக நிர்வாகம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. இணையத்தளம் வழி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் செல்கின்றன. ஒரே பொருளாதாரப் பட்டத்திற்கும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தகுதி வேறுபடும். அந்த ஆண்டின் நிபந்தனைகளை அந்தத் தளத்திலேயே படித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

எங்கே படிக்கலாம்?

பேராவிலேயே இரண்டு வழிகள் உள்ளன. கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், அதாவது யூடார், நிதிப் பொருளாதாரத்தில் இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதாவது உப்சி, பொருளாதார ஆசிரியராக விரும்புவோருக்கானது. ஆசிரியர் கல்விக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

மாநிலத்திற்கு வெளியே மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.பி.எம்., பினாங்கில் யூ.எஸ்.எம்., கெடா சிந்தோக்கில் யூ.யூ.எம். ஆகியவற்றிலும் பொருளாதாரம் படிக்கலாம். மலேசியப் பொருளாதாரச் சங்கத்தின் முன்னாள் தலைவர் டாக்டர் ஆர். தில்லைநாதன், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்று, லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கோனோமிக்ஸில் முனைவர் பட்டம் முடித்தவர்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

கட்டணமும் தங்கும் செலவும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. தற்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் 36 மாதங்களில் ஓர் இளைஞர் வேலை செய்திருந்தால் 61,200 வெள்ளி சம்பாதித்திருப்பார். ஆறாம் படிவத்தின் ஒன்றரை ஆண்டையும் சேர்த்தால் மேலும் 30,600 வெள்ளி. பொருளாதாரத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் தயங்குவதற்கு இதுவே காரணம். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

அதனால்தான் படிப்பு பாதியில் நிற்காதபடி திட்டமிட வேண்டியிருக்கிறது. பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் விதிக்கப்படுகிறது. முதல் வகுப்பில் தேர்ச்சி பெறுபவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெறலாம். எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் பேங்க் நெகாராவின் உபகாரச் சம்பளத்திற்கும் முயலலாம். அது பொருளாதாரப் படிப்புக்கும் வழங்கப்படுகிறது.

படித்த பின்?

பேங்க் நெகாரா, புள்ளிவிவரத் துறை, பொருளாதார அமைச்சு, வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், ஆய்வு மையங்கள் ஆகிய இடங்களில் பொருளாதாரப் பட்டதாரிகளுக்கு வேலை உண்டு. பி.டி.டி. எனப்படும் அரசாங்க நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொருளாதாரப் பட்டம் மட்டும் ஒருவரைக் கணக்காய்வாளர் ஆக்காது. கணக்கியல் பட்டத்தைப் போல் நேராக ஒரு தொழிலுக்குக் கொண்டுபோய் விடும் படிப்பும் அல்ல இது. தரவுகளைக் கையாளும் திறன், மொழித் திறன், தொழிற்பயிற்சி அனுபவம் ஆகியவையே வேலைச் சந்தையில் மதிப்பைக் கூட்டும்.

கணிதத்தில் ஆர்வமும், விலை, சம்பளம், வேலை பற்றிய கேள்விகளில் நாட்டமும் உள்ளவர்கள் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகத் துணிந்து எடுக்கலாம். வேறு துறையில் உறுதியான விருப்பம் உள்ளவர்களுக்குத் துணைப்பாடம் போதும். கணிதம் பிடிக்கவில்லை, வேறு இடம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இதில் சேருபவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் சிரமப்படுவார்கள். ஆறாம் படிவத்தில் பாடங்களைப் பதியும் முன், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பிள்ளையோடு பெற்றோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.