ஜூன் மாதத்துக் கணக்கு

மைசூர் யாதவகிரியில், செக்கோஸ்லோவாக்கிய நாட்டுத் தொழில்நுட்பத்தைத் துணைகொண்டு முதலில் ஜாவா என்றும் பின்னர் யெஸ்டி என்றும் பெயர் பூண்ட மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்துவந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் கதவடைத்தது. அந்த வண்டியின் இரட்டைப் புகைக்குழாய் எழுப்பும் சப்தத்தைச் சிலாகிக்கும் ரசிகர்கள் இன்றும் தேசமெங்கும் உண்டு. அதைச் செய்த கைகள் வேலையிழந்தபின், அவர்தம் பிள்ளைகள் அடுத்த ஜூன் மாதம் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று விசாரித்தவர்கள் சொற்பம்.

தகப்பனாரின் வேலை போன மறுநாளே பிள்ளையின் படிப்பு நின்றுவிடுவதில்லை. சில மாதங்கள் கையிருப்பிலும், பிறகு தாயின் வளையல் ஏறிய அடகுக்கடையின் தயவிலும் கழிய, கட்டணம் பாக்கி விழுந்த இங்கிலீஷ் பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளை சர்க்கார் பள்ளிக்கு மாறும். இதைக் கேடென்று சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே பாடநூல் இலவசம், 'அக்ஷர தாசோஹ' திட்டத்தில் மத்தியான்னச் சாப்பாடும் உண்டு. ஆனால் பள்ளியில் கழியும் பொழுதுக்கு வெளியே ஒரு கூலி இருக்கிறதே, அதை யார் ஈடுசெய்வது?

மைசூருக்குக் கீர்த்தி தேடித்தந்த ஊதுபத்தியையே பாருங்கள். கரியும் ஜிகட் பட்டைப் பொடியும் கலந்து பிசைந்த கரிய மாவைப் பலகையில் இட்டு, மெல்லிய மூங்கில் குச்சியின்மேல் உள்ளங்கையால் ஒரே இழுப்பில் உருட்டவேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வருமானம் நின்ற வீட்டில் தாய் இந்த வேலையை ஏற்றால், பலகைக்கு எதிரே உட்காருவது பெரும்பாலும் மூத்த மகள்தான். முதலில் மாலைப்பொழுது, பிறகு சனிக்கிழமை, பிறகு பரீட்சைக்கு முந்தைய வாரம் என்று வேலை படிப்பைத் தின்னும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் காப்பதோ 6 முதல் 14 வயது வரையே. கூலி ஆசை காட்டும் பருவம் அதற்குப் பின் வருவது.

பிரேசில் நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களும், குடும்பத் தலைவர் வேலையிழந்த வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவதும் படிப்பை விடுவதும் கூடுவதைக் கண்டார்கள். மெக்ஸிகோ 1997-இல் தொடங்கிய 'ப்ரோக்ரெசா' திட்டம், பிள்ளை தவறாமல் பள்ளி சென்றால் தாயின் கையில் பணம் தந்தது. இடைநிலை வகுப்புகளில் பையனைவிடப் பெண்ணுக்குச் சற்று அதிகம். கணக்கறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

ஏனெனில், தகப்பனாருக்குப் பின்னொரு நாள் எங்கேனும் காவல் வேலை கிடைத்துவிடலாம். இரண்டு வருஷம் விட்டுப்போன பெண்ணோ, தம்பி வயதுப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சியில் உட்கார நாணி, பலகையின் முன்னேயே இருந்துவிடுகிறாள்.