கோபுரம் உறங்கலாம், குரல் அறுந்துவிடலாகாது

இரவு வேளை, சங்கரன்கோவிலில் மின்சாரம் நின்றுவிட்டதென வைத்துக் கொள்ளுங்கள். வீடுகளெல்லாம் இருளில் மூழ்கிவிட்டன. ஆயினும் துபையிலிருக்கும் மகன் அழைத்தால் தங்கள் கைப்பேசி ஒலிக்கிறது. எவ்வாறு?

கோபுரத்தின் அடியில் பேட்டரிகள் உள்ளன. அங்குள்ள கருவிகள் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. மின்தடை நேர்ந்ததும் பேட்டரி அச்சுமையை ஏற்றுக்கொள்கிறது. அதுவும் சில மணி நேரமே தாங்கும். பின்னர் டீசல் ஜெனரேட்டர் இயங்கவேண்டும். டீசல் வந்து சேரச் சாலை வேண்டும்!

அச்சாலையே இல்லாமற்போனால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் அதனைக் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரம் நின்றது, பல ஊர்களில் தொலைத்தொடர்பும் அறுந்தது. உம்மா, வாப்பாவின் நலமறிய இயலாமல் வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தனர்.

ஆகவே மின்சிக்கனம் என்பது நிறுவனங்களின் செலவுக் கணக்கு மட்டுமன்று. கோபுரத்திற்குத் தேவைப்படும் மின்சாரம் பாதியாகக் குறைந்தால், அதே பேட்டரி ஏறத்தாழ இருமடங்கு நேரம் உழைக்கும். அந்த மணித்துளிகளில் ஓர் உயிர் காக்கப்படலாம்.

சிக்கனத்திற்கு வழி என்ன? கோபுரத்தில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது, அலைகளுக்கு வலுவூட்டும் பெருக்கிக் கருவியே. நான்காம் தலைமுறைக் கோபுரம், பேசுவார் எவருமில்லாத நள்ளிரவிலும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அடையாள அலைகளை அனுப்பிக் கொண்டேயிருக்கும். ஐந்தாம் தலைமுறையிலோ அவ்விடைவெளி வழக்கமாக 20 மில்லி விநாடி. 160 வரையிலும் நீட்டலாம். இடைப்பட்ட பொழுதில் பெருக்கி சற்றே கண்ணயரும்.

எல்லாமே உறங்கிவிட்டால் அவசரத்தில் அழைப்பவரின் கதி? அதனால்தான் வேகம் தரும் உயர் அலைவரிசைகளை உறங்கவிட்டு, தொலைதூரம் பரவும் தாழ்ந்த அலைவரிசையை விழித்திருக்கச் செய்கின்றனர். அழைப்புகள் பெருகினால் மற்றவை எழுப்பப்படும். வீடு உறங்கினாலும் பிள்ளையின் சிணுங்கலுக்கு விழித்துக்கொள்ளும் தாயைப் போன்றது இது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனால் அம்மின்சாரம் பொதுக்கம்பிகள் வழியே செல்வது. கம்பி அறுந்தால் அருகிலுள்ள கோபுரத்திற்கும் உதவாது. கோபுரத்தடியிலேயே சூரியத் தகடுகள் அமைப்பது டீசலின் தேவையைக் குறைக்கும்.

நம் பங்கு என்ன? சிக்னல் நலிந்த இடத்தில் கைப்பேசியின் பேட்டரி விரைவில் தீரும். நல்ல சிக்னல் கிடைக்குமிடத்தில் வையுங்கள். பேரிடர் வேளையில் வீடியோ அனுப்பாது, குறுஞ்செய்தி அனுப்புங்கள். அவசர உதவிக்கு 112ஐ அழையுங்கள். உறவினரின் எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். மழை வருமுன்பே இதனைச் செய்துவிடுங்கள்!