அழித்த கோடு எங்கே போகிறது?

2018 டிசம்பரில் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியபோது, மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றுக்குள் எட்டுத் திரைகள் வரிசையாக நின்றன. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் ‘மோர் ஸ்வீட்லி ப்ளே தி டான்ஸ்’ என்ற படைப்பு அது. பேண்டு வாத்தியக்காரர்கள், சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நோயாளிகள், எலும்புக்கூடுகள் என ஒரு நெடிய ஊர்வலம் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தாவிப் போய்க்கொண்டே இருந்தது. ஊர்வலத்தில் வந்தவர்கள் நிஜ மனிதர்கள், நடக்கவைத்துப் படம்பிடிக்கப்பட்டவர்கள். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அவர்களுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளி. கரித்துண்டால் வரைந்த அந்த நிலமும் அசைந்தது.

காகிதத்தில் வரைந்த நிலம் எப்படி அசையும்? கென்ட்ரிட்ஜின் முறை மிக எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. சுவரில் ஒரே ஒரு பெரிய ஓவியம். எதிரே அசையாமல் நிற்கும் கேமரா. ஒரு கோடு போடுவார், நடந்துபோய்க் கேமராவில் ஒன்றிரண்டு படம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழிப்பார், கொஞ்சம் சேர்ப்பார், மறுபடி நடப்பார். அடுத்து என்ன வரைவது என்ற யோசனை அந்த நடையில்தான் பிறக்கிறது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வழக்கமான கார்ட்டூனில் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஓவியம் வேண்டும். இவருக்கு ஒரு காட்சி முழுவதற்கும் ஒரே தாள் போதும்.

இதற்குக் கரியைவிடத் தோதான பொருள் இல்லை. கரித்தூள் காகிதத்தின் மேடுபள்ளங்களில் மேலோட்டமாகத்தான் ஒட்டுகிறது, துடைத்தால் வந்துவிடும். ஆனால் முழுதாக வராது. நார்களுக்கிடையே சிக்கிய துகள்கள் சாம்பல் நிறக் கறையாகத் தங்கிவிடும். ஒரு பறவை பறந்தால் அது கடந்த வழியெல்லாம் மங்கலான தடம் விழும். வேறொருவர் இதைக் குறை என்று ஒதுக்கியிருப்பார். கென்ட்ரிட்ஜ் அதையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டார்.

இப்படி நிறுத்தி, மாற்றி, ஒவ்வொன்றாகப் படமெடுத்து அசைவை உண்டாக்குவதுதான் ஸ்டாப் மோஷன். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பலரும் ஒவ்வொரு நிலையையும் இரண்டு பிரேம் எடுப்பார்கள். அப்படியும் நொடிக்கு 12 மாற்றங்கள், நிமிடத்துக்கு 720. நாள் முழுக்க வேலை செய்தால் மிஞ்சுவது ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்கான படம். மீதி வேலையைச் செய்வது நம் மூளை. அடுத்தடுத்து மின்னும் இரண்டு விளக்குகளை ஒரே ஒளி இடம் மாறுவதாக நாம் காண்கிறோம் என்று ஜெர்மனியின் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் காட்டினார். திரையில் இல்லாத அசைவை இட்டு நிரப்பிக்கொள்வது நாம்தான்.

இந்தக் கலையின் உத்திகளைப் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றே: முந்தைய நிலைக்கு என்ன ஆகிறது? கரியில் அது கறையாக மிஞ்சுகிறது. களிமண்ணில் அடியோடு போய்விடுகிறது. கேரளத்தைச் சேர்ந்த சுரேஷ் எரியாட் இயக்கிய ‘டோக்ரி’, அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்ட சிறுமி அதைச் சரிசெய்யக் கூடை விற்கக் கிளம்பும் கதை. தேசிய விருது பெற்றது. பதினான்கு நிமிடப் படம் என்றால் ஏறத்தாழ 20,000 பிரேம்கள். அதை முடிக்கச் சுமார் எட்டு ஆண்டுகள் பிடித்தன. களிமண் பொம்மை முகம் சுளிக்கும்போது, சற்றுமுன் சிரித்த முகம் உலகில் எங்கும் இல்லை. விரலால் அழுத்தி அழித்தாகிவிட்டது.

பொம்மையை நடக்கவைப்பதுதான் பெரும்பாடு. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் அது விழாமலிருக்க வேண்டுமே! உள்ளே மூட்டுகளோடு கூடிய உலோக எலும்புக்கூடு இருக்கும். துளையிட்ட தரைக்கு அடியிலிருந்து திருகாணியைப் பாதத்தில் முடுக்குவார்கள். அடுத்த அடிக்குக் கழற்றி மறுகாலில் முடுக்குவார்கள். அறைக்குள் வெயில் எட்டிப்பார்க்கக் கூடாது. அசைவூட்டுபவர் வெளிர்நிறச் சட்டை போட்டால்கூட அதில் பட்ட ஒளி பொம்மைமேல் தெறித்து, படம் மினுக்கும். 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் குரங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் கலைஞரின் விரல் பட்டு ரோமம் கலைந்ததே காரணம். பார்த்தவர்களோ, கோபத்தில் மயிர் கூச்செறிகிறது என்று மெச்சினார்கள்.

எதையுமே அழிக்காத வழியும் உண்டு. ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ (1993) படத்தின் நாயகன் ஜாக்குக்குச் சுமார் 400 தலைகள். சிரிப்புக்கு ஒன்று, திகைப்புக்கு ஒன்று. கழற்றி மாட்டினால் போதும். முந்தைய முகங்களெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

நேர்மாறானது கண்ணாடி ஓவியம். ரஷ்யரான அலெக்ஸாண்டர் பெட்ரோவ் ‘கிழவனும் கடலும்’ கதையை, கண்ணாடிமேல் பெரும்பாலும் விரல்நுனியாலேயே எண்ணெய் வண்ணம் பூசி, படமெடுத்து, கலைத்து, மீண்டும் பூசி 29,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களால் உருவாக்கினார். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. குஜராத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஷு படேல் 1977-இல் ‘பீட் கேம்’ படத்துக்கு ஆயிரக்கணக்கான மணிகளைப் பரப்பினார். ஓர் உயிர் இன்னொன்றை விழுங்க, அது வேறொன்றாக உருமாறும். அதே மணிகள்தான், வரிசை மட்டும் மாறுகிறது.

நிழலுக்கு வருவோம். பாலக்காட்டுப் பக்கக் கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைகளுக்குப் பின்னால் 21 விளக்குகள் எரியும். ஒலிப்பது கம்பராமாயணத் தமிழ். அங்கே பாவையின் கை நம் கண்முன்னே அசைகிறது. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கத்தரித்த கருந்தாள் உருவங்களுக்குக் கம்பியால் மூட்டு வைத்து, ஒளியூட்டிய கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து, அவற்றை இம்மி இம்மியாக நகர்த்தி மேலிருந்து படமெடுத்தார். 1926-இல் வெளிவந்த அவருடைய ‘இளவரசர் அக்மத்’, இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. தாதாசாகேப் பால்கே தொட்டியில் பட்டாணி விதைத்து, கேமராவை எதிரே நிறுத்தி, அது முளைத்துக் கொடியாவதை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். இங்கே கலைஞர் எதையும் நகர்த்தவில்லை, நகர்ந்தது செடி. முந்தைய நிலை அழியவும் இல்லை, பெட்டிக்குப் போகவும் இல்லை. தண்டாக அதற்குள்ளேயே நிற்கிறது. பின்னாளில், 1915-இல், தீக்குச்சிகளை அசையவைத்தும் ஒரு படம் எடுத்தார். பட்டாணிப் படம் ஓடியது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதைப் பார்த்துத்தான் யஷ்வந்த்ராவ் நாட்கர்ணி என்பவர் கடன் கொடுக்க முன்வந்தார். அந்தப் பணத்தில் பால்கே தொடங்கிய படம் 1913 மே 3 அன்று பம்பாயில் வெளியானது: ‘ராஜா ஹரிச்சந்திரா’.